அத்தியாயம் 11: திருத்திய எடை

காலை ஆறு மணிக்கு எடைமேடைக்காரர் உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு முப்பது வரை எண்ணினார். முன்பெல்லாம் அறுபது வரை எண்ணுவார். இருபத்திரண்டு தடவை கதிர் வாங்கிய வாய் அதற்கு மேல் பொறுக்கவில்லை. துப்பியபோது எச்சில் நூலாக நீண்டது. அறுந்து விழ மனமில்லாமல் தொங்கியது. விரலில் சுற்றி எடுத்து எறிந்தார். தையல்காரியின் புருஷனுக்கு நூல் ஒன்றும் புதிதல்ல.

கன்னத்துக்குள் இருந்த கட்டியை அறுத்து எடுத்தது, முப்பத்துமூன்று நாள் கதிர்வீச்சு என்று டாக்டரம்மா விதித்தது, ருசி சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைவிட்டுப் போனது எல்லாம் பழைய செய்திகள். போன வாரத்துக்கு முந்தின வாரம் பேச்சும் போய்விட்டது. நாக்கை அசைத்தால் கண்ணாடித் தூளை மெல்வதுபோல் இருந்ததால், மனிதர் பேசுவதை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தார். அவர் வேலை பார்த்த லாரி எடைமேடையில் மிஞ்சிப்போன சீட்டுப் புத்தகம் அதற்கு உதவியது. ‘மொத்த எடை’, ‘காலி எடை’, ‘சரக்கு எடை’, ‘எடை பார்த்தவர்’ என்று கட்டம் போட்ட சீட்டு. சொல்ல வேண்டியதைச் ‘சரக்கு’ கட்டத்தில் எழுதுவார். பதினொரு நாளில் அரைப் புத்தகம் பேசித் தீர்த்திருந்தார்.

போன வாரக் கடைசியில் டாக்டரம்மா போட்டாரே ஒரு குண்டு, அதுதான் இப்போது வீட்டுக்குள் உருண்டுகொண்டிருந்தது. “எடை அறுபத்திரண்டுக்குக் கீழே போனா, மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் சாப்பாடு.”

இன்று திங்கட்கிழமை. எடை பார்க்கும் நாள்.

மனைவி மேஜைமேல் இரண்டு டம்ளர் வைத்தாள். பாலில் சத்துப்பொடி கரைத்து, மிக்ஸியில் அடித்து, துணியில் வடிகட்டி, சுவருக்கு அடிக்கிற வெளிர் மஞ்சள் வர்ணம் மாதிரி ஒன்று. ஒன்று அவருக்கு. இன்னொன்று அவளுக்கு, துணைக்கு. தாளித்த வாசனை வந்தாலே அவருக்குக் குமட்டுகிறது என்பதால், அந்த வீட்டில் ஐந்து வாரமாக எண்ணெய் காயவில்லை.

“ஜெல் தடவினீங்களா?”

தலையாட்டினார். வாயை மரத்துப்போக வைக்கும் ஜெல்லைத் தடவினால் பத்து நிமிஷம் கிடைக்கும். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் விழுங்குகிறவரை லாபம்.

“இன்னிக்கு நான் வரல. ஓட்டல்காரங்க திரைய எல்லாம் மாட்டிக் கொடுக்கணும். உங்க மக அரை நாள் லீவு போட்டிருக்கா, அவளோட போங்க.” ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: “திரை அடியில வெச்சுத் தைக்கிற ஈயக்கயிறு இருக்கே, அம்பது மீட்டர்னு சொல்லிட்டுக் கடைக்காரன் நாப்பதுதான் கொடுத்திருக்கான். திரை காத்துல பறக்காம இருக்கணும்னா அது இல்லாம முடியுமா? நேத்து போன்ல அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டேன்.”

எடைமேடைக்காரர் டம்ளருக்குள் ஏதோ விழுந்துவிட்டதைப்போல உற்றுப் பார்த்தார்.

காணாமல்போன பத்து மீட்டர் அப்போது அவர் பனியனுக்குள், வயிற்றைச் சுற்றிப் பன்னிரண்டு சுற்றாக, சௌக்கியமாக இருந்தது. நான்கு கிலோ.

அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. ‘தராசு’ என்றுதான் அவருக்குப் பெயர். முப்பத்தாறு வருஷம் லாரி எடை பார்த்தவர். ஒருமுறை மேடைமேல் ஏறிய லாரியை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “தார்ப்பாய்க்கு அடியில ஒரு ஆள் இருக்கான், இறக்கு” என்றார். இருந்தான். இறக்கினார்கள். “இன்னும் ரெண்டு கிலோ உதைக்குது” என்றார். இறங்கியவன் தலையைச் சொறிந்துகொண்டு திரும்ப ஏறி, தன் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தான். இன்னொரு தடவை, டிரைவர் முந்தின நாள் தூங்கவில்லை என்பதை வண்டி எடையை வைத்தே சொல்லிவிட்டார். தூக்கம் கெட்டவன் முக்கால் கிலோ கூடுதலாக உட்காருவான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. யாரும் மறுத்து நிரூபித்ததில்லை.

அப்படிப்பட்டவரிடம் மூன்று வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரி மெஷின், ஒரே வாரத்தில் மூன்று கிலோ குறைந்துவிட்டதாகச் சொன்னது. அவர் நம்பவில்லை. காரணம், பேண்ட். அவர் பெல்ட் கட்டுவதில்லை. பெல்ட்டில் ஐந்து துளை உண்டு, ஆளுக்குத் தகுந்தபடி பேசும். பேண்ட்டுக்கு ஒரே பட்டன், ஒரே காஜா. அந்தப் பட்டன் சிகிச்சைக்கு முன்னால் எப்படிப் பிடித்ததோ அப்படியே பிடித்தது. ஆகவே கோளாறு மெஷினில். கோளாறான மெஷினுக்கு என்ன செய்வார்கள்? குறைகிற எடைக்குத் திருத்தக் கல் வைப்பார்கள். அவர் ஈயக்கயிறு வைத்தார். முதல் வாரம் ஒரு கிலோ. அடுத்த வாரம் இரண்டே கால். இன்று நான்கு.

கண்ணாடியில் கன்னம் ஒட்டிப்போய்த் தெரிந்ததே என்றால், அறுத்த பக்கம் வீங்கிய முகம் சாட்சிக்கு ஆகாது என்று தள்ளுபடி செய்துவிட்டார். திருத்தம் ஒவ்வொரு வாரமும் குழாய்க்கு எதிர்ப்பக்கமாகவே போகிறதே என்ற யோசனை ஒன்றிரண்டு தடவை எட்டிப் பார்த்தது. அதை அவர் உள்ளே கூப்பிடவில்லை.

குழாய் என்றால் அவருக்கு அப்படி ஒரு பயம். முன்வாசலில் மேடை இருக்கும்போது பின்வாசல் வழியாகச் சரக்கு போனால், முன்வாசலை நிரந்தரமாகப் பூட்டிவிடுவார்கள். அவருடைய தொழிலில் அதைப் பார்த்திருக்கிறார். மூக்கு வழியாகச் சாப்பாடு போனால் வாய்க்கும் அதே கதிதான்.

*

மகள் லிப்ட் மெக்கானிக். தோளில் கருவிப் பை, கையில் போன். எந்தக் கட்டிடத்திலோ இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே ஒரு லிப்ட் நின்றுவிட்டதாம்.

“உள்ள யாரும் இல்லையே? அப்ப நான் ஒரு மணிக்கு வரேன். அதுவரைக்கும் படியில ஏறச் சொல்லுங்க. உடம்புக்கு நல்லது.” போனை வைத்துவிட்டு, “வாங்க தராசு ஐயா, உங்க மேடை காத்திருக்கு” என்றாள்.

நர்ஸ் செருப்பை மட்டும் கழற்றச் சொன்னார். அவர் ஏறி நின்றார்.

“அறுபத்திரண்டு புள்ளி ஒண்ணு!” கார்டில் எழுதிக்கொண்டே நர்ஸ் சொன்னார். “எல்லாரும் உருகறாங்க. நீங்க மட்டும் சிமெண்ட் தூண் மாதிரி நிக்கறீங்க ஐயா.”

தூண் நேராகக் கழிப்பறைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தது. கதிர்வீச்சு அறையில் சட்டையும் பனியனும் கழற்ற வேண்டும். வழக்கமாகக் கயிற்றை நடைபாதையில் தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிக்குள் புதைத்துவிட்டு, திரும்பும்போது தோண்டி எடுத்துக்கொள்வார். இன்று வாளியைக் காணோம். இருந்த இடத்தில் ஒரு வட்டம். மேலே ஒரு காகிதம்: ‘வர்ணம் பூச எடுத்துச் செல்லப்பட்டது.’

மகள் ஜன்னலோரம் திரும்பி நின்று போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். கருவிப் பை நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கயிற்றை அதற்குள் போட்டுவிட்டு உள்ளே போனார்.

மேஜைமேல் படுத்ததும் டெக்னீஷியன் அம்மாள் முகமூடியை எடுத்து வந்தார். வெள்ளை பிளாஸ்டிக் வலை. முதல் நாள் வெந்நீரில் இளக்கி, முகத்தின்மேல் அழுத்தி, அவருக்கென்றே வார்த்தது. தலை இம்மிகூட அசையாதபடி மேஜையோடு பூட்டிவிடும். கழற்றும்போது நெற்றியில் சல்லடை அச்சு விழும். அதைப் பார்த்து மகள் “பலாக்காய்” என்பாள்.

நான்கு பூட்டும் விழுந்தன. டெக்னீஷியன் அம்மாள் குனிந்தார்.

“ஐயா, கன்னத்த உள்ள இழுக்காதீங்க.”

அவர் இழுக்கவில்லை.

“சாதாரணமா வைங்க ஐயா.”

சாதாரணமாகத்தான் வைத்திருந்தார். அந்தம்மாள் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முகமூடிக்கும் கன்னத்துக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டார். போயிற்று. மோதிர விரலும் போயிற்று. நான்கு வாரத்துக்கு முன் அங்கே ஒரு காகிதம் நுழையாது.

பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

“இன்னிக்கு கதிர் வேண்டாம். டாக்டரம்மா பாக்கட்டும்.”

*

டாக்டரம்மா முகமூடியைப் பார்த்தார். கார்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு மூன்றையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

“கார்டுப்படி நீங்க உருகல. மூஞ்சி மட்டும் எப்படி சார் உருகும்?”

எடைமேடைக்காரர் சீட்டுப் புத்தகத்தைத் தேடுவதுபோல் எல்லாப் பைகளையும் தட்டிப் பார்த்தார். அப்போதுதான் மகள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கருவிப் பையை இரண்டு கையாலும் தூக்கி வந்தாள்.

“டாக்டர், ஒரு நிமிஷம். என் பை ஏழு கிலோ. எட்டு வருஷமா தோள்ல போட்டுட்டு மாடி மாடியா ஏறறேன். நூறு கிராம் கூடினா தோள் சொல்லிடும். இன்னிக்குத் தூக்கினா பதினொண்ணு.” பைக்குள் கைவிட்டு, பாம்பாட்டி மாதிரி கயிற்றை இழுத்து இழுத்து மேஜைமேல் போட்டாள். “இது எங்கம்மாவோட ஈயக்கயிறு. பாவம், நேத்து அந்தக் கடைக்காரரைப் போட்டு வறுத்து எடுத்தாங்க.”

கயிறு கடைசிவரை வந்து முடிந்தது.

“எத்தனை வாரமா சார்?” என்றார் டாக்டரம்மா.

அவர் மூன்று விரல் காட்டினார். பிறகு சீட்டை எடுத்து எழுதி நீட்டினார். மகள் உரக்கப் படித்தாள்:

“‘மெஷினில் கோளாறு. பேண்ட் பழைய அளவே. நம்பாவிட்டால் பார்க்கலாம்.’”

“அப்பா!”

அவர் எழுந்து நின்று இடுப்பைக் காட்டினார். பட்டன் கச்சிதமாகப் பிடித்திருந்தது. நியாயம் தன் பக்கம் என்கிற நிற்பு. டாக்டரம்மாவுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

மகள் மட்டும் அவர் முதுகுப்பக்கம் போனாள். இடுப்புப் பட்டியை வெளிப்பக்கமாக மடித்தாள். அப்படியே நின்றாள்.

“அப்பா, கையக் கொடுங்க.”

அவருடைய கட்டைவிரலைப் பிடித்து, பட்டியின் உட்புறம் நடுவில் வைத்தாள். தையல். அதை ஒட்டி இன்னொரு தையல். அப்புறம் இன்னொன்று. ஒவ்வொன்றும் அரை விரற்கடை உள்ளே தள்ளி, பொடிப்பொடியாக, சீராக, கண்ணுக்குத் தெரியாதபடி போட்ட கை. அது யாருடைய கை என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூன்று வாரம். மூன்று வரிசை.

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். உலகத்தில் அவர் நம்பிய ஒரே தராசை யாரோ வாராவாரம் திருத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

“முகமூடி அறுபத்தஞ்சு கிலோ ஆளுக்குச் செஞ்சது,” டாக்டரம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார். “உள்ள இருக்கிற ஆள் இளைச்சுட்டா தலை ஆடும். தலை ஆடினா கதிர் விழ வேண்டிய இடத்துக்குப் பக்கத்துல விழும். போன வாரமே தெரிஞ்சிருந்தா போன வாரமே மாத்தியிருப்பேன். இப்பப் புது முகமூடி, புது ஸ்கேன், புதுசா கணக்கு. ரெண்டு நாள் சிகிச்சை நிக்கும். அது எனக்குப் பிடிக்கல. அதுக்கு மேல ஒரு நாள்கூட நிக்கக் கூடாது.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கதிர் பக்கத்தில் விழும் என்பதுதான் உள்ளே போய்த் தைத்தது. தப்பான சீட்டு ஒன்று தன் கையெழுத்தோடு வெளியே போய்விட்ட மாதிரி.

மகள் போனை எடுத்தாள். “அம்மா, திரைய அப்படியே விட்டுட்டு வா. ஒண்ணும் ஆகல. ஆனா வா.”

*

தையல்காரி வாடகைக் கார் பிடித்து, கழுத்தில் அளவு நாடாவோடு வந்து சேர்ந்தாள். மேஜைமேல் கயிற்றைப் பார்த்ததும், “அடப்பாவி, கடைக்காரன் காலில விழணுமே நான்” என்றாள். பிறகு புருஷன் பேண்ட் பட்டி மடிந்து தொங்குவதைப் பார்த்தாள்.

“நீ எதுக்கும்மா தெச்ச?” என்றாள் மகள்.

“பேண்ட் நழுவுதுன்னா மனசு விட்டுடுவார்டி. ராத்திரி அவர் தூங்கினதும் ரெண்டு ஊசி போட்டேன். தப்பா?” பிறகு புருஷனைப் பார்த்தாள். “நீங்க எதுக்கு இதைக் கட்டிக்கிட்டீங்க?”

அவர் எழுதினார். ‘நீ பயந்துவிடுவாய்.’ யோசித்து, அடித்தார். கீழே எழுதினார்: ‘நான் பயந்தேன்.’

அவள் சீட்டை மடித்து ரவிக்கைப் பக்கமாகச் செருகப் போனவள், எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“போதும்,” என்றார் டாக்டரம்மா. “மறுபடி ஏறுங்க சார்.”

அவர் கை காட்டி நிறுத்தினார். மகளின் பையைச் சுட்டினார். மகளுக்குப் புரிந்தது. தெரிந்த எடையை வைத்துப் பார்க்காமல் எந்த மேடையையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. கயிறில்லாத பையை மெஷின்மேல் வைத்தாள். ஏழு புள்ளி பூஜ்யம்.

மெஷினில் கோளாறு இல்லை.

அவர் ஏறினார். ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்று.

இறங்கி, கார்டைக் கேட்டு வாங்கினார். கடைசி மூன்று எண்களையும் ஒற்றைக் கோடு போட்டு அடித்தார். பழைய எண் படிக்கத் தெரிய வேண்டும், அதுதான் முறை. பக்கத்தில் ஒரு கிலோ, இரண்டே கால், நான்கு என்று கழித்துச் சரியான எண்களை எழுதினார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். நர்ஸ் எட்டிப் பார்த்து, “இந்த கார்டுல இதுவரைக்கும் யாரும் கையெழுத்தே போட்டதில்ல” என்றார்.

“இனி குழாய் பத்தி,” டாக்டரம்மா ஆரம்பித்தார்.

அவர் சீட்டு நீட்டினார். ‘முன்வாசலைப் பூட்டிவிடுவார்களா?’

கயிறு, பேண்ட் என்று அவருடைய கணக்கு அன்று டாக்டரம்மாவுக்குப் பழகியிருந்தது. வாசல் என்றது வாயை என்று புரிந்துகொண்டார். “பூட்ட மாட்டேன். குழாய் இருந்தாலும் தினமும் வாயால தண்ணி கொஞ்சம் கொஞ்சமா விழுங்கணும். தாடை இறுகாம இருக்க, பல்லுக்கு நடுவுல ஐஸ் குச்சிய அடுக்கி வாயைத் திறக்கிற பயிற்சியும் விடக் கூடாது. எத்தனை குச்சி நுழையுது இப்ப?”

பன்னிரண்டு என்று காட்டினார்.

“பதினேழுல ஆரம்பிச்சீங்க. அது கீழே போகாம பாத்துக்குங்க. வாசல் துருப்பிடிக்காது. புண் ஆறினதும் குழாய நானே எடுக்கறேன்.”

அவர் ‘எடை பார்த்தவர்’ கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, சீட்டைக் கிழித்து டாக்டரம்மாவிடம் கொடுத்தார். சம்மதம் என்று அர்த்தம்.

நர்ஸ் குழாய் எடுத்துவரப் போனார். மகளுக்கு உடம்பெல்லாம் இறுக்கம் விட்டது. தானும் மெஷினில் ஏறிப் பார்த்தாள். “அறுபத்தொண்ணு. கழுதை மாதிரி இருக்கேன். அம்மா, நீயும் ஏறு.”

“எனக்கெதுக்கு?”

“சும்மா ஏறும்மா. பொழுது போகணும்ல.”

“மெஷின் என்ன விளையாட்டுச் சாமானா? வேலை கிடக்கு அங்க.”

எடைமேடைக்காரர் நிமிர்ந்தார். ஏற மறுக்கிற வண்டியை அவருக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷத்தில், ஒன்றும் இல்லாத வண்டி எதுவும் மேடைக்கு முன்னால் நின்று சாக்குச் சொன்னதில்லை. மெஷினைக் காட்டினார். மறுபடி காட்டினார்.

அவள் அளவு நாடாவைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள்.

ஐம்பத்திரண்டு புள்ளி ஆறு.

கல்யாணமான நாளிலிருந்து அறுபத்து மூன்றுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு கிலோ, அவ்வளவுதான் அவள். அது அவருக்கு மனப்பாடம்.

“அவர் சொன்னது சரிதான்,” தையல்காரி சிரிக்கப் பார்த்தாள். “மெஷின்ல கோளாறு.”

அவர் எழுந்து போய் அவள் ரவிக்கையின் பக்கத் தையலை மடித்துப் பார்த்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது ஒன்றும் இருந்தது. தார்ப்பாய்க்குள் ஒளிந்தவனையும் அவன் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் கண்டுபிடித்தவர், ஐந்து வாரம் எதிரே உட்கார்ந்து ஒரே மஞ்சள் தண்ணீரைக் குடித்தவளை எடை பார்க்கவில்லை.

“நீங்க என்ன சாப்பிடறீங்கம்மா?” டாக்டரம்மா கேட்டார்.

“அவர் குடிக்கிறது. அவருக்கு முன்னால உக்காந்து நான் மட்டும் எப்படிச் சாப்பிடறது?”

“அசதி இருக்கா? தலை சுத்தல்?”

“தையல் மெஷின் மிதிக்கறப்ப கொஞ்சம். ரெண்டு மாசமா.”

“ரெண்டு மாசமாவா?” டாக்டரம்மாவின் பேனா நின்றது. “அவருக்குச் சிகிச்சை ஆரம்பிச்சே அஞ்சு வாரம்தான் ஆகுது.”

தையல்காரி அளவு நாடாவை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள். டாக்டரம்மா புதிய கார்டு ஒன்றை எடுத்து, ஐம்பத்திரண்டு புள்ளி ஆறு என்று முதல் வரியில் எழுதி, பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் குத்தினார். “நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ரிசல்ட் வந்துடும். வெறும் பட்டினியால இளைச்சதுன்னா நான் சந்தோஷப்படுவேன்.”

நர்ஸ் தட்டில் குழாயோடு வந்து, மேஜைமேல் புதுக் கார்டையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் பார்த்தார். “யாருக்கு முதல்ல? ஐயாவுக்குத்தானே?”

எடைமேடைக்காரர் சீட்டுப் புத்தகத்தை எடுக்கவில்லை. பதினொரு நாளாக ஒரு சொல்லும் வெளியே விடாத வாயைத் திறந்தார். உதட்டோரம் வெடித்து ஒரு பொட்டு ரத்தம் வந்தது.

“அவளுக்கு,” என்றார்.